ஒரு கிரவுண்ட், மூன்று பங்கு: பெரிய வீட்டை விற்பதா, அதிலேயே இருப்பதா?

(ஒலிவடிவில் வந்த பேச்சின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

போன எபிசோடில் முதல் வீடு வாங்குறவங்களைப் பற்றிப் பேசினோம். அதுக்கு வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல வேற வயசுக்காரங்ககிட்ட இருந்து. "சார், எங்களுக்கு வீடு இல்லாதது பிரச்சினை இல்லை, இருக்கறதுதான் பிரச்சினை"ன்னு ஒருத்தர் எழுதியிருந்தார். பிள்ளைங்க வெளியூர், வெளிநாடு. கீழ மூணு ரூம், மேல ஒரு போர்ஷன், மொட்டை மாடி, தோட்டம். இருக்கறது ஒரு ஆளோ ரெண்டு ஆளோ. விற்கலாமா, பில்டர்கிட்ட கொடுக்கலாமா, இப்படியே இருந்துடலாமா?

இதுக்குப் பொதுவா ஒரு பதில் சொல்ல எனக்கு விருப்பம் இல்லை. இருபத்தாறு வருஷம் வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் இருந்தவன் நான். நான் பார்த்த பத்திரங்கள்ல ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருந்ததே இல்லை. அதனால ஒரே ஒரு குடும்பத்தோட கதையை எடுத்துக்கறேன். அது என் சித்தியோட வீடு. அவங்க அனுமதியோடதான் பேசறேன். "பேரைச் சொல்லாதே, நம்பரைச் சொல்லு, நாலு பேருக்கு உபயோகப்படட்டும்"னு சொன்னாங்க.

நங்கநல்லூர்ல ஒரு கிரவுண்ட் மனை, அதாவது 2,400 சதுர அடி. 1986-ல் சித்தப்பா கட்டின வீடு. அவர் 2019-ல் தவறிட்டார். சித்திக்கு அப்போ எழுபதை நெருங்கற வயசு. பையன் சிங்கப்பூர்ல, பொண்ணு கோயம்புத்தூர்ல. சித்திக்குக் குடும்ப ஓய்வூதியம் வருது, சாப்பாட்டுக்குக் கஷ்டம் இல்லை. கஷ்டம் வீட்டாலதான். மேல் போர்ஷன் காலி. தளம் ஒழுகுது. மாடிக்குப் பதினெட்டுப் படி, முழங்கால் ஒத்துழைக்கலை. சம்ப்பைக் கழுவ ஆள் தேடணும், தென்னையில மட்டை விழுந்தா அடுத்த வீட்டு ஷீட் உடையும், அதுக்கு ஒரு பஞ்சாயத்து. ரெண்டு ரூமைப் பூட்டி வெச்சுட்டு ஹாலும் சமையலறையும்தான் அவங்க வீடுன்னு ஆகி மூணு வருஷம் ஆச்சு.

நான் முதல்ல கேட்டது விலையை இல்லை, "வீடு யார் பேர்ல இருக்கு சித்தி?"ன்னு.

"என்னடா கேள்வி இது, உங்க சித்தப்பா போனப்புறம் என் பேர்தானே?"

இதை நான் எத்தனை வீட்டுல கேட்டிருப்பேன்னு கணக்கே இல்லை. கணவர் உயில் எழுதாம போயிட்டா, அவர் சுயமா சம்பாதிச்ச சொத்து மனைவிக்கு மட்டும் போறது இல்லை. 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி முதல் வகுப்பு வாரிசுகள் எல்லாருக்கும் சம பங்கு. மனைவி, மகன், மகள், உயிரோட இருந்தா அவரோட அம்மாவும். சித்தப்பாவோட அம்மா முன்னாடியே காலமாயிட்டாங்க. ஆக மூணு பங்கு. சித்திக்கு மூணுல ஒண்ணுதான். வீட்டு வரி ரசீது சித்தி பேர்ல வரலாம், கரண்ட் பில் அவங்க பேர்ல வரலாம், அதுக்கும் உரிமைக்கும் சம்பந்தம் இல்லை.

சித்தி ரொம்ப நேரம் பேசலை. "அப்ப இந்த வீட்டுல நான் மூணுல ஒருத்தியா?"ன்னாங்க. சட்டம் சரியாத்தான் இருக்கு. ஆனா நாற்பது வருஷம் கோலம் போட்ட வாசலைப் பற்றி அந்த வார்த்தையைக் கேட்கறது வேற.

இந்த ஒரு விஷயத்தால சில வழிகள் அங்கேயே அடைபட்டுப் போச்சு. உதாரணமா ரிவர்ஸ் மார்ட்கேஜ். அறுபது வயசு தாண்டினவங்க சொந்த வீட்டை வங்கிக்கு அடமானமா வெச்சு, அதிலேயே குடியிருந்துக்கிட்டு மாசாமாசம் பணம் வாங்கலாம். அந்தப் பணத்துக்கு வருமான வரியும் கிடையாது. நல்ல ஏற்பாடுதான், நம்ம ஊர்ல ஏனோ எடுபடலை. ஆனா அதுக்கு வீடு தெளிவா அவங்க பேர்ல இருக்கணும். மூணுல ஒரு பங்கை வெச்சுக்கிட்டு முடியாது. சித்திக்குப் பணமுடையும் இல்லை, அதனால அதை அங்கேயே விட்டோம்.

அடுத்தது ஜாயிண்ட் வென்ச்சர். நங்கநல்லூர், மடிப்பாக்கம், ஆதம்பாக்கம் பக்கம் தெருவுக்கு ரெண்டு வீடு இப்படித்தான் இடிபடுது. சித்தி வாசல்லயும் வாரத்துக்கு ஒருத்தர் விசிட்டிங் கார்டு வெச்சுட்டுப் போவார். கணக்கு பார்க்க அழகா இருக்கும். 2019-ல் வந்த கட்டட விதிகள்படி சாதாரண உயரக் கட்டடத்துக்கு மனைப் பரப்பைப் போல ரெண்டு மடங்கு வரைக்கும் கட்டலாம். 2,400 அடியில 4,800 அடி. பாதிக்குப் பாதின்னா நமக்கு 2,400 அடி, மூணு சின்ன ஃபிளாட். அம்மாவுக்கு ஒண்ணு, பிள்ளைங்களுக்கு ஆளுக்கு ஒண்ணு. இதைவிட நியாயமான பாகப்பிரிவினை உண்டான்னு தோணும். வரியும் உடனே வராது, தனிநபர்னா கட்டட நிறைவுச் சான்றிதழ் கிடைக்கற வருஷத்துலதான் வரும்.

எனக்கு இதுல ரெண்டு தயக்கம். ஒண்ணு, ரெரா. 2016-ம் வருஷத்து அந்தச் சட்டப்படி 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனை, இல்லேன்னா எட்டு ஃபிளாட்டுக்கு மேற்படாத கட்டடம்னா பதிவு செய்யவே வேண்டாம். ஒரு கிரவுண்ட்ங்கறது சுமார் 223 சதுர மீட்டர்தான். அதாவது நம்ம தெருவுல நடக்கற இந்த மாதிரி வேலைகள்ல பெரும்பாலானவை அந்தப் பாதுகாப்புக்கு வெளியே. பில்டர் பாதியில நின்னா, ஒப்பந்தத்தைத் தூக்கிக்கிட்டு கோர்ட்டுக்குத்தான் போகணும். ரெண்டாவது, காலம். பதினெட்டு மாசம்னு எழுதுவாங்க, முடிய ரெண்டு வருஷத்துக்கு மேல ஆகறதை நான் நிறையப் பார்த்திருக்கேன். நாற்பது வயசுக்காரருக்கு ரெண்டு வருஷம் வாடகை வீட்டுல இருக்கறது ஒரு அலைச்சல், அவ்வளவுதான். எழுபது வயசு தாண்டினவங்களுக்கு அது கையில இருக்கற நல்ல வருஷங்கள்ல ரெண்டு. ரெண்டு முறை வீடு மாத்தணும், அதுவும் தனியா.

சித்தி இதைக் கேட்டுட்டு, "நான் இருக்கும்போது அடிக்கல்லு போடுவான், திறப்பு விழாவுக்கு என் போட்டோவை மாட்டுவான்"னாங்க. பேச்சு முடிஞ்சுது.

பையனுக்கு வேற யோசனை. கோயம்புத்தூர்ல முதியோர் குடியிருப்புகள் நிறைய இருக்கு. சமையல் அவங்களே, டாக்டர் உள்ளேயே, பொண்ணு வீடு அரை மணி தூரம். சிங்கப்பூர்ல இருந்து பார்த்தா இதைவிட நிம்மதியான ஏற்பாடு இல்லை. யாருடைய நிம்மதின்னு பார்த்துக்கணும். நான் சொன்னது ஒண்ணுதான்: வாங்கறதுக்கு முன்னாடி அங்க ஒரு மாசம் வாடகைக்கு இருந்து பாருங்க. இது எல்லாருக்கும் சொல்றேன். புது ஊர், புது மாதிரி வீடு எதுவா இருந்தாலும், பத்திரம் போடறதுக்கு முன்னாடி அங்கே படுத்து எழுந்திருச்சுப் பாருங்க. ஒரு மாச வாடகை எவ்வளவா இருந்தாலும், வாங்கிட்டுத் திரும்ப விற்கறதுல போற முத்திரைத் தீர்வையோட ஒப்பிட்டா ஒண்ணுமே இல்லை.

சித்தி போனாங்க, ஒரு மாசம் இருந்தாங்க. வந்து சொன்னாங்க: "சாப்பாடு நல்லா இருந்துதுடா. இடமும் சுத்தம். ஆனா ராத்திரி ஏழரைக்குச் சாப்பிட்டு முடிச்சுக் கதவைச் சாத்திடறாங்க. அப்புறம் என்ன பண்றது? இங்கன்னா எட்டு மணிக்கு ஆஞ்சநேயர் கோயில்ல இருந்து வரும்போது தெருவுல நாலு பேர் நின்னு பேசுவா." முடிவு அப்பவே பாதி ஆயிடுச்சு. வீட்டை விற்கறது, அதே நங்கநல்லூர்ல லிஃப்ட் இருக்கற சின்ன ஃபிளாட் வாங்கறது. தெருவை மாத்தலாம், ஊரை மாத்த வேண்டாம்.

இங்கிருந்துதான் கணக்கு. கொஞ்சம் பொறுமையா கேளுங்க, முடிஞ்சா ஒரு பேப்பர் எடுத்துக்கங்க. நான் சொல்ற பிரிவு எண்கள் எல்லாம் 1961-ம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தோடது. இந்த விற்பனை நடந்தது அதன் கீழதான். 2026 ஏப்ரல் 1-ல் இருந்து புதுச் சட்டம், அதுல எண்கள் வேற.

விலை 2 கோடியே 40 லட்சம் பேசி முடிஞ்சுது. 2001-க்கு முன்னாடி வாங்கின சொத்துக்கு, அடக்க விலையா 2001 ஏப்ரல் 1-ம் தேதி இருந்த சந்தை மதிப்பை எடுத்துக்கலாம், அன்னிய வழிகாட்டி மதிப்புக்கு மேல போகக் கூடாது. மதிப்பீட்டாளர் சான்றிதழ்படி அது 12 லட்சம். லாபம் 2 கோடியே 28 லட்சம். புரோக்கர் கமிஷனையெல்லாம் விட்டுட்டு ரவுண்டா சொல்றேன்.

2024 ஜூலை 23-க்கு அப்புறம் விற்கற வீட்டுக்கு, நீண்ட கால மூலதன ஆதாய வரி 12.5 சதவீதம், பணவீக்கச் சரிக்கட்டல் கிடையாது. ஆனா அந்தத் தேதிக்கு முன்னாடி வாங்கின வீடா இருந்து, நீங்க இந்தியாவில் வசிக்கறவரா இருந்தா, பழைய முறைப்படி சரிக்கட்டலோட 20 சதவீதம் போட்டுப் பார்த்து எது குறைவோ அதைக் கட்டலாம். சித்தி வீட்டுக்கு முழு லாபத்துக்கும் புது முறையில 28.5 லட்சம், பழைய முறையில சுமார் 39.3 லட்சம். புதுசு லாபம். எல்லாருக்கும் அப்படின்னு நினைக்காதீங்க. 2012-13-ல் 60 லட்சத்துக்கு ஃபிளாட் வாங்கி 2024-25-ல் 1 கோடியே 20 லட்சத்துக்கு விற்றவருக்குப் புது முறையில 7.5 லட்சம் வரி, பழைய முறையில 2.22 லட்சம்தான். ரெண்டையும் போட்டுப் பார்க்காத ஆடிட்டர்கிட்ட இன்னொரு தடவை போகாதீங்க.

இந்த வரியைக் குறைக்க ரெண்டு வழி. பிரிவு 54: விற்கறதுக்கு ஒரு வருஷம் முன்னாடியோ ரெண்டு வருஷம் பின்னாடியோ வேற வீடு வாங்கினா, இல்லை மூணு வருஷத்துக்குள்ள கட்டினா, அந்தத் தொகை அளவுக்கு லாபத்துக்கு வரி இல்லை. பிரிவு 54 இ.சி.: விற்ற ஆறு மாசத்துக்குள்ள ஆர்.இ.சி., பி.எஃப்.சி. மாதிரி குறிப்பிட்ட பத்திரங்கள்ல 50 லட்சம் வரைக்கும் போடலாம். அஞ்சு வருஷம் எடுக்க முடியாது, வட்டி 5.25 சதவீதம், அந்த வட்டிக்கு வரி உண்டு.

சித்தி பார்த்து வெச்ச புது ஃபிளாட் 86 லட்சம். பில்டர்கிட்ட இருந்து முதல் விற்பனை, 50 லட்சத்துக்கு மேல 3 கோடிக்குள்ள, அதனால முத்திரைத் தீர்வை 5 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். எல்லாம் சேர்த்து 92 லட்சம். நிறைவுச் சான்றிதழ் வாங்கின கட்டடம், அதனால ஜி.எஸ்.டி. இல்லை. கட்டிக்கிட்டு இருக்கற ஃபிளாட்டா இருந்தா 5 சதவீதம் கூடியிருக்கும்.

இப்ப மூணு பங்குக்கு வருவோம். ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னாங்க.

உறவுக்காரர் ஒருத்தர், "பிள்ளைங்க ரெண்டு பேரும் அம்மாவுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துடட்டும், ஒரே கையெழுத்துல விற்கலாம்"னார். கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா மொத்த லாபம் 2.28 கோடியும் சித்தி தலையில. ஃபிளாட்டுக்கு 92, பத்திரத்துக்கு 50 போக, 86 லட்சத்துக்கு வரி: 10.75 லட்சம், மேல சர்சார்ஜ், செஸ்.

ஆடிட்டர் ஒருத்தர் நேர் எதிரா சொன்னார். மூணு பேரும் தனித்தனியா விற்கட்டும். ஆளுக்கு 80 லட்சம், ஆளுக்கு 76 லட்சம் லாபம். சித்தி 92 லட்சத்துக்கு வீடு வாங்கறாங்க, அதனால அவங்களுக்கு வரி பூஜ்யம். பேப்பர்ல இதுதான் சிறந்த வழி. நான் அந்தப் பேப்பரைத் திருப்பி ஒரு கணக்கு எழுதினேன். சித்தி கைக்கு வர்றது 80, ஃபிளாட்டுக்கு வேண்டியது 92. வரியே இல்லாம, சொந்த வீட்டை வித்த ஒரு அம்மா 12 லட்சம் கடன்ல இருப்பாங்க. பிள்ளைங்க அப்புறமா கொடுப்பாங்க, கொடுக்கறதுக்கு வரியும் இல்லை, பெத்தவங்களுக்குக் கொடுக்கற அன்பளிப்புக்கு வரி கிடையாது. ஆனா கை நீட்டி வாங்கறது யாரு?

பையன் பங்குல இன்னொரு சிக்கலும் இருந்துது. அவன் வெளிநாட்டுவாசி. உள்ளூர்க்காரர் விற்றா, விலை 50 லட்சம் தொட்டாலே, வாங்கறவர் 1 சதவீதம் டி.டி.எஸ். பிடிச்சுக் கட்டினா போதும். வெளிநாட்டுவாசின்னா பிரிவு 195. வரித்துறைகிட்ட குறைந்த பிடித்தத்துக்குச் சான்றிதழ் வாங்கலைன்னா, வாங்கறவர் பாதுகாப்புக்காக முழுத் தொகைக்கும் பிடிப்பார். 80 லட்சத்துக்கு சர்சார்ஜ், செஸ் எல்லாம் சேர்த்து 14.3 சதவீதம், 11 லட்சத்துக்கு மேல. ரிட்டர்ன் போட்டு மிச்சத்தைத் திரும்ப வாங்கலாம், ஆனா காத்திருக்கணும். வெளிநாட்டுவாசி ஒருத்தர் இருக்கார்னு தெரிஞ்சாலே சில பேர் பின்வாங்கிடுவாங்க. இந்த வீட்டுக்கே அப்படி ஒருத்தர் போயிட்டார்.

இதுக்கு நடுவுல பொண்ணோட நிலைமை. அவ 2024 மார்ச்சுல கோயம்புத்தூர்ல 78 லட்சத்துக்குக் கடன் போட்டு ஃபிளாட் வாங்கியிருந்தா. நான் சொன்னேனே, விற்கறதுக்கு ஒரு வருஷம் முன்னாடி வாங்கினதும் பிரிவு 54-ல் சேரும்னு. கடன் வாங்கி வாங்கியிருந்தாலும் சேரும். ஆக 2025 மார்ச்சுக்குள்ள நங்கநல்லூர் வீடு பதிவாயிட்டா, அவளோட 76 லட்சம் லாபத்துக்கு வரியே இல்லை. தாண்டிட்டா 9.5 லட்சம். அவ ஆடிட்டர் சொன்ன அன்னிக்கு ராத்திரியே அம்மாவுக்கு போன்: "பிப்ரவரிக்குள்ள முடிச்சுடலாம்மா, பேக்கர்ஸ்கிட்ட பேசிட்டேன்."

அது சித்திக்குத் தாங்கலை. என்கிட்ட சொன்னது இதுதான்: "பங்கு கேக்கறது தப்பே இல்லைடா. அவ கடனை அவ அடைக்கணும். ஆனா நான் எந்தத் தேதியில வீட்டைக் காலி பண்றதுன்னு என்னைக் கேக்காம எழுதிட்டாளே."

பொண்ணு பக்கமும் நியாயம் இருக்கு. ஒன்பதரை லட்சம் சின்னப் பணம் இல்லை, அதுவும் கடன்ல இருக்கறவளுக்கு. நான் ரெண்டு பேர்கிட்டயும் ஒரே விஷயத்தைச் சொன்னேன். சட்டத்துக்கு வேண்டியது விற்பனைப் பதிவுத் தேதி. சித்திக்கு வேண்டியது சாவியைக் கொடுக்கற தேதி. ரெண்டும் ஒரே நாளா இருக்கணும்னு யார் சொன்னா? வாங்கறவர் ஒரு பில்டர், இடிச்சுக் கட்டப் போறவர். பிளான் அனுமதி வாங்க அவருக்கே சில மாசம் ஆகும். அதுவரைக்கும் காலி வீட்டுக்கு வாட்ச்மேன் போடறதைவிட சித்தி இருக்கறது அவருக்கும் சௌகரியம். பிப்ரவரியில பதிவு, மே கடைசியில சாவி, அதுவரைக்கும் வாடகை கிடையாது, 5 லட்சத்தை மட்டும் அவர் நிறுத்தி வெச்சுக்கலாம், சாவி கை மாறும்போது கொடுத்துடணும். எல்லாம் எழுத்துல. அவர் ஒரே பேச்சுல ஒத்துக்கிட்டார்.

இதைக் கேட்கத் தயங்காதீங்க. வாங்கறவர் கிடைச்சதே பெரிசுன்னு நிறைய பேர் எதையும் கேட்கறது இல்லை.

பங்கு விஷயம் எப்படி முடிஞ்சுதுன்னா, பையன் மட்டும் தன் பங்கை அம்மாவுக்கு விடுதலை எழுதினான். "எனக்கு வேண்டாம்"னு போன்ல ஆறு மாசமா சொல்லிக்கிட்டுதான் இருந்தான். போன்ல சொல்றதுக்குப் பதிவு எண் கிடையாதுன்னு நான் சொன்னேன். மூணு நாள் லீவுல வந்து கையெழுத்துப் போட்டான். குடும்பத்துக்குள்ள எழுதற விடுதலைப் பத்திரத்துக்கு 2023 ஜூலையில இருந்து முத்திரைத் தீர்வை உச்சவரம்பு 40,000, பதிவுக் கட்டணம் 10,000. ஆக ஐம்பதாயிரம். வர முடியலைன்னா அங்க இந்தியத் தூதரகத்துல பவர் பத்திரத்தைச் சான்றொப்பம் வாங்கி அனுப்பலாம், இங்க வந்த மூணு மாசத்துக்குள்ள அதுக்கு முத்திரை வைக்கணும்.

வெளிநாட்டுவாசி டி.டி.எஸ். பிரச்சினை அதோட போச்சு. சித்திக்கு மூணுல ரெண்டு பங்கு: 1 கோடியே 60 லட்சம், லாபம் 1 கோடியே 52 லட்சம். பொண்ணுக்குத் தன் பங்கு முழுசா, வரி இல்லாம.

பதிவுக்கு மூணு வாரம் இருக்கும்போது, வில்லங்கச் சான்றுல ஒரு பழைய அடமானம் தெரிஞ்சுது. சித்தப்பா 1986-ல் ஒரு வீட்டு வசதிச் சங்கத்துல வாங்கின கடன். எப்பவோ அடைச்சாச்சு, பத்திரமும் திரும்பி வந்தாச்சு, ஆனா அடைச்சதுக்கான ரசீது ஆவணத்தைப் பதிவு பண்ணலை. பில்டரோட வக்கீல் நின்னுட்டார், நின்னது சரிதான். சங்கத்துல பழைய லெட்ஜரைத் தேடி எடுத்து, ரசீது எழுதிப் பதிவு பண்ண பதினாறு நாள் ஆச்சு. அந்தப் பதினாறு நாளும் பொண்ணு தூங்கலை. கேட்டுக்கிட்டு இருக்கறவங்க வீட்டை இன்னிக்கு விற்கப் போறது இல்லைன்னாலும், மூலப்பத்திரத்துல இருந்து இன்னி வரைக்குமான வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்துல இப்பவே போட்டுப் பாருங்க. பட்டா யார் பேர்ல இருக்குன்னு பாருங்க. தாசில்தார்கிட்ட வாரிசுச் சான்றிதழ் வாங்கி வெச்சுக்கங்க. அவசரத்துல தேடினா எதுவும் கிடைக்காது.

பிப்ரவரியில பதிவாச்சு.

சித்தி கைக்கு வந்த 1.60 கோடியில 92 ஃபிளாட்டுக்கு. மிச்சம் லாபம் 60 லட்சத்துக்கு வரி வரணும். ஆடிட்டர் 50 லட்சத்தையும் பத்திரத்துல போடச் சொன்னார், வரி 1.25 லட்சமும் செஸ்ஸும்தான் மிஞ்சும். நான் ஒத்துக்கலை. அப்படிப் போட்டா கையில இருக்கறது 17 லட்சத்துக்குக் குறைவு, 50 லட்சம் அஞ்சு வருஷம் பூட்டு. எழுபத்தொரு வயசுல பூட்டின பணமும் இல்லாத பணமும் கிட்டத்தட்ட ஒண்ணு. 30 லட்சம் மட்டும் பத்திரத்துல போட்டோம். மிச்சம் 30 லட்சத்துக்கு வரி 3.75 லட்சம், செஸ் சேர்த்து 3.9. வருமானம் 50 லட்சத்தைத் தாண்டலை, அதனால சர்சார்ஜ் இல்லை. கையில 34 லட்சம். அதுல 30-ஐ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்துல போட்டாங்க, அதுக்கு உச்சவரம்பே அவ்வளவுதான். 8.2 சதவீதத்துல மூணு மாசத்துக்கு ஒரு தடவை 61,500 ரூபாய். ஏதாவதுன்னா கொஞ்சம் அபராதத்தோட எடுத்துடலாம். வரியே கட்டாம இருக்கறதை ஒரு விரதம் மாதிரி வெச்சுக்கறவங்க இருக்காங்க. எனக்கு அதுல நம்பிக்கை இல்லை.

ஃபிளாட் சித்தி பேர்ல மட்டும். பையன் பேரையும் சேர்க்கலாமேன்னு பேச்சு வந்துது, வேண்டாம்னேன். உயிரோட இருக்கும்போதே பிள்ளைங்களுக்கு செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துட்டு அப்புறம் வருத்தப்படறவங்களுக்காகத்தான் 2007-ம் வருஷத்துப் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்துல பிரிவு 23-ன்னு ஒண்ணு இருக்கு. கவனிச்சுக்கணும்ங்கற நிபந்தனையோட கொடுத்தது, கவனிக்கலைன்னா ரத்து பண்ணக் கேட்கலாம். ஆனா அந்த நிபந்தனையைப் பத்திரத்துலயே எழுதியிருக்கறது நல்லது, பெரும்பாலும் யாரும் எழுதறது இல்லை. சித்தி உயில் எழுதினாங்க. ரெண்டு சாட்சி, அதுல ஒருத்தர் டாக்டர். பதிவு கட்டாயம் இல்லை, ஆனா பண்ணிட்டாங்க. ஃபிளாட் பையனுக்கு, ஏன்னா அவன் தன் பங்கை விட்டுக் கொடுத்தான். மிச்சப் பணம் ரெண்டு பேருக்கும் பாதி. இதைப் பொண்ணை உட்கார வெச்சு, நேரா, சாப்பாடு போட்டுட்டுச் சொன்னாங்க. "கணக்கு சரியா இருக்கும்மா"ன்னு அவ சொன்னா. பிப்ரவரி போன்காலைப் பற்றி ரெண்டு பேரும் பேசலை. பேசணும்னும் இல்லை.

மூணு மாச அவகாசம் எதுக்குப் பயன்பட்டுதுன்னா, சாமான்களுக்கு. 2,400 அடி மனையில நாற்பது வருஷம் சேர்ந்தது 900 அடிக்குள்ள போகாது. சித்தி ஒரு நாளைக்கு ஒரு அலமாரி மட்டும்னு வெச்சுக்கிட்டாங்க. பித்தளை அண்டா ரெண்டு கோயிலுக்குப் போச்சு. கல்யாணத்துல வந்த எவர்சில்வர் அடுக்கு, பெட்டி பிரிக்காதது, வேலை செய்யற அம்மா பொண்ணுக்கு. ஆட்டுக்கல்லை யாரும் எடுக்கலை, அது அங்கேயே இருந்துது. ஊஞ்சல்தான் பெரிய வழக்கு. ஹால் கூரையில கொக்கி போடலாமான்னு புது பில்டர்கிட்ட கேட்டோம், ஃபால்ஸ் சீலிங், முடியாதுன்னுட்டார். இரும்பு ஸ்டாண்டுல மாட்டற மாதிரி பண்ணி, பலகையைக் கால்வாசி அறுத்துக் குறைச்சாங்க. கொலுவுக்கு ஒன்பது படியில அஞ்சு. எந்த நாலு படி பொம்மையைக் கொடுக்கறதுன்னு அவங்களே ரெண்டு ராத்திரி உட்கார்ந்து பிரிச்சாங்க, என்னை உள்ளே விடலை.

ஃபிளாட்டுக்கு மெயின்டனன்ஸ் சதுர அடிக்கு 4 ரூபாய், மாசம் 3,600. சித்திக்கு அதுதான் இன்னும் எரிச்சல், "சொந்த வீட்டுக்கு வாடகையா?"ம்பாங்க. தளம் ஒழுகினதுக்கு வருஷா வருஷம் ஆன செலவைப் போட்டுக் காட்டினேன். கணக்கை ஒத்துக்கிட்டாங்க, எரிச்சல் போகலை.

பழைய மனையில பில்டர் கடப்பாரை போட்டப்ப சித்தி அந்தத் தெருப் பக்கம் போகலை. இப்ப கோயிலுக்கு வேற வழியா போறாங்க, நூறு அடி கூட நடக்கணும். அதுவும் முழங்காலுக்கு நல்லதுதான்னு அவங்களே சொல்லிக்கறாங்க.

அடுத்த எபிசோட்ல கூட்டுக் குடும்ப வீடு, அண்ணன் தம்பி நாலு பேர், பாகப்பிரிவினை ஆகாத சொத்து. அதைப் பற்றித்தான் நிறைய பேர் எழுதியிருக்கீங்க. பத்திர நகல் அனுப்பாதீங்க, விவரத்தை மட்டும் எழுதுங்க போதும்.